வரிநோட்டில் என் பெயர்: குலதெய்வக் கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கமிட்டி மாமாமார்களுக்கும், அத்தான்மார்களுக்கும், கொழுந்தன்மார்களுக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி நிர்ணயித்து நீங்கள் போட்ட பட்டியல் வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், எங்கள் வீடு இல்லை. போன் போட்டுக் கேட்டபோது பொருளாளர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அண்ணன் காலமான பிறகு அந்த வரி நின்னு போச்சு மைனி. மகன் இருந்தா அவன் பேருக்கு மாத்தியிருப்போம். நீங்க நன்கொடையா எவ்வளவு வேணாலும் கொடுங்க, கல்வெட்டுல பேரு போட்டுருவோம்."

தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருக்கிற வழக்கத்தை அவர் சொன்னார். அந்த வழக்கத்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு வந்து பேசலாம் என்றால் வரி இல்லாதவருக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. அதனால் மடலாக எழுதுகிறேன். குடும்பத்து விஷயத்தை ஊர் படிக்க எழுதலாமா என்று மூத்த அத்தான் கேட்பார்கள். நம் கோயில் பெயரையோ ஊர்ப் பெயரையோ நான் எங்கேயும் எழுதவில்லை. தவிர, இது நம் கோயிலோடு முடிகிற வழக்கமும் இல்லை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் என்னைப் போன்ற பெண்கள் எத்தனையோ கோயில்களில் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தில் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா கோயில். தீபாவளிக்கு வராத மும்பைக்காரர்களும் சென்னைக்காரர்களும் இதற்கு வந்துவிடுவார்கள். வயலுக்கு நடுவிலோ குளத்தங்கரையிலோ இருக்கிற கோயில், வருஷம் முழுக்க ஒற்றை விளக்கோடு கிடக்கும். அன்றைக்கு மட்டும் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. எந்தச் சாஸ்தா என்பது அப்பா வழியில் வருவது. வழி தெரியாமல் போனவர்கள் காரையாற்றில் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்வார்கள். பெண்ணுக்கு மட்டும் கல்யாணத்தோடு சாஸ்தா மாறிவிடுவார்.

என் பிறந்த வீட்டுக் கோயிலில் அப்பா பெயரில் வரி இருந்தது. அண்ணனுக்குக் கல்யாணமானதும் அவன் தனித் தலைக்கட்டு ஆனான். எனக்கு இல்லை, நான் "நாளைக்கு இன்னொரு கோயிலுக்குப் போறவ". சரி, வந்தேன். இங்கே என் வீட்டுக்காரர் பெயரில் வரி. அவர் போனதும் அதுவும் போயிற்று. ஆகப் பிறந்ததிலிருந்து இன்றுவரை எந்தச் சாமியின் நோட்டிலும் என் பெயர் ஏறியதில்லை. ஒரு சாமிக்கு மொட்டை போட்டிருக்கிறேன், இன்னொரு சாமிக்குப் பொங்கல் வைத்திருக்கிறேன். இரண்டு கோயிலிலும் பனை ஓலை அடுப்புப் புகையில் கண் எரிந்ததுதான் மிச்சம் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு இப்போது அப்படிச் சிரிக்க வரவில்லை.

சின்ன வயதில் சாமி என்றால் பயம்தான். கோயில் வாசலில் இருந்த மண் குதிரையின் முழித்த கண்ணைப் பார்க்காமல் இருக்க அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். பிறகு பரீட்சை மார்க்குக்காகக் கும்பிட்டேன். கல்லூரிக்குப் போனபோது ஒன்றிரண்டு வருஷம் சாமியே இல்லை என்று இருந்தேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் சாப்பிட உட்காருவேன். அப்பா நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அந்த வருஷங்களைப் பற்றி எனக்கு வெட்கம் கிடையாது. கேள்வி கேட்கத் தெரிந்தது அப்போதுதான். இந்த மடலிலும் அதன் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி வந்த முதல் பங்குனி உத்திரத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தேன். பழக்கமில்லாத ஊர், தெரியாத சாமிகள், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என் அத்தை, அதாவது மாமியார், கையைப் பிடித்து ஒவ்வொரு பூடமாக, அதாவது ஒவ்வொரு சாமியின் பீடமாக, கூட்டிப் போனார்கள். கல்யாண வீட்டில் புதுப்பெண்ணுக்குச் சொந்தக்காரர்களைக் காட்டுவார்களே, அந்தத் தோரணை. "இவரு சாஸ்தா, பெரியவரு, சைவம். இவரு கிட்ட சத்தமாப் பேசக் கூடாது. இது பேச்சி. கோவம் சட்டுனு வரும், சட்டுனு தணிஞ்சிரும், நம்ம வீட்டுப் பொம்பளையள மாதிரி. அவரு தளவாய் மாடன். ராத்திரி அவரு பக்கம் பிள்ளையத் தூக்கிட்டு வராத. அந்தக் கடைசியில தனியா இருக்கது சுடலை. அவரு நமக்குக் காவலு, எதிர்ல நின்னு கும்புடாத, கொஞ்சம் ஒதுங்கி நில்லு." ஒவ்வொரு பூடத்திலும் மஞ்சணையை விரலில் தொட்டு என் நெற்றியில் இழுத்தார்கள். கடைசிப் பூடத்தில் என்னைப் பார்க்காமல், சுடலை மாடனைப் பார்த்துச் சொன்னார்கள்: "புள்ள புதுசு. தெரியாம ஏதும் செஞ்சா என்னயக் கேளு, அவளக் கேக்காத."

அத்தையோடு எனக்கு ஆரம்பத்தில் ஒத்துப்போகவே இல்லை. குழம்பில் புளி கூடுதல், பள்ளிக்கூட வேலைக்குப் போகும் மருமகள், சம்பளம் யார் கையில், இப்படி எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் "என்னயக் கேளு, அவளக் கேக்காத" என்ற பேச்சு எனக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. சண்டை போட்ட நாட்களிலும் அது அங்கேயே இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லச் சண்டை குறைந்தது. என் நம்பிக்கை எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததில்லை, எனக்காக ஜாமீன் நின்ற அந்தப் பேச்சிலிருந்து வந்தது. சாமி இருக்கிறாரா என்ற கேள்வியை நான் அதற்குப் பிறகு பெரிதாகக் கிளறவில்லை. இந்த மனிதர்கள் இவரைச் சுற்றி இப்படி இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. அது போதுமாக இருந்தது.

மகள் பிறந்தாள். இங்கேதான் முடியிறக்கினோம், காது குத்தினோம். என் அண்ணன் மடியில் அவளை உட்கார வைத்தபோது அவள் போட்ட சத்தத்தில் வில்லுப்பாட்டுக்காரரே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆண் குழந்தைக்காக இன்னொரு தடவை பார்க்கலாமே என்று உங்களில் சிலர் என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள். அவர், "சாமிக்கு ஆளு குறையுதோ?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது பட்டியலைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, பேச்சு முடியவே இல்லை.

அவருடைய நோயைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். முதலில் பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன். டயாலிசிஸுக்குப் போய் வரத் தொடங்கிய பிறகு இன்றைக்கு வலி குறையட்டும், ஊசி குத்தும் இடம் வீங்காமல் இருக்கட்டும் என்று மட்டும் வேண்டினேன். பேரம் பேசுவது தானாக நின்றுவிட்டது. அவர் போனபோது சாமியின் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. நாற்பது வயதில் வந்திருந்தால் நிலைத்திருக்குமோ என்னவோ.

துட்டி வருஷம், அதாவது துக்க வருஷம், கழிந்து கோயிலுக்கு வந்தேன். பொங்கல் இறக்கிய பிறகு மஞ்சணைத் தட்டை எடுத்து இளைய மருமகளின் நெற்றியில் வைக்கப் போனேன். ஒரு மைனி என் கையிலிருந்து தட்டை வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள். அவள் முகத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை. வெயிலில் கிடக்கும் வற்றலை மழைக்கு எடுத்து வைப்பது போல, யோசிக்காமல் செய்தாள். எனக்குச் சட்டென்று அத்தை ஞாபகம் வந்தது. மாமா இறந்த பிறகு அத்தை ஒருபோதும் பூடத்துக்குப் பக்கத்தில் வந்ததில்லை. பூவரசு மரத்தடியில்தான் நிற்பார்கள். "ஏன் அத்தை அங்கேயே நிக்கிய?" என்று ஒரு தடவை கேட்டேன். "எனக்கு இங்கன இருந்தே நல்லாத் தெரியுது" என்றார்கள். எனக்காக மாடனிடம் ஜாமீன் நின்ற பெண். எங்கேயும் ஒதுங்கத் தெரியாத பெண்.

நான் அந்த மரத்தடிக்குப் போகவில்லை. பூடத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவும் இல்லை. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த நன்றிக்கு வேலை இருந்திருக்காது.

சாமி குத்தம் ஆகும் என்று சொல்வீர்கள். குத்தத்தைப் பற்றி நாம் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். நம் பக்கத்துப் பெண் தெய்வங்கள் யார்? கோயில் கொடை விழாவில் வில்லடித்துப் பாடுகிற கதைகளைக் காது கொடுத்துக் கேட்டால் தெரியும். நம்பியவன் கையால் செத்தவள், பிள்ளையோடு கைவிடப்பட்டவள், அநியாயமாக வெட்டுப்பட்டவள். நீதி கிடைக்காத பெண் திரும்பி வந்து நின்ற இடத்தில் ஊர் பயந்துபோய்ப் பீடம் போட்டு, இசக்கி என்று கும்பிட்டது. அப்படிப்பட்டவள், தாலி இல்லாதவளின் வரியை வாங்கினால் கோபிப்பாள் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்? எனக்கு விளங்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டுக் கன்னியை எடுத்துக்கொள்வோம். மாமாவின் அத்தை ஒருத்தி, வயதுக்கு வந்த கையோடு அம்மை கண்டு போய்விட்டாளாம். அவள் பெயர்கூட இன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் அவளுக்குப் புதுப் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், சீப்பு, பவுடர் டப்பா, ரிப்பன் எல்லாம் வாங்கி ஓலைப்பெட்டியில் வைத்து மச்சில் ஏற்றுகிறோம். போன வருஷத்துத் துணியை வீட்டுப் பெண் பிள்ளைக்கு உடுத்தக் கொடுக்கிறோம். என் மகளும் அந்தப் பாவாடையை உடுத்தி வளர்ந்தவள்தான். தாவணிக்கு என்ன கலர் எடுப்பது என்று இந்தக் குடும்பத்து ஆண்கள் ஜவுளிக்கடையில் நின்று வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். செத்துத் தலைமுறைகள் ஆன ஒரு சிறுமி இன்னும் இந்த வீட்டுப் பிள்ளை. அதே பாவாடையை உடுத்திய என் மகள் வள்ளியூரில் வாக்கப்பட்டதும் பிறத்தியார். இதற்கு ஒரு விளக்கம் சொல்லுங்கள் என்று மூத்த அத்தானிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டு, "அது வேற, இது வேற" என்றார்கள்.

நான் வம்ச வழியை மாற்றச் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கும். மும்பையில் பிறந்த பையனும் கோவில்பட்டிப் பையனும் ஒருவரை ஒருவர் அண்ணன் தம்பி என்று கண்டுகொள்வது இந்தக் கோயிலை வைத்துத்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து தடியங்காய்க் கூட்டை வழித்துச் சாப்பிட்டால் பத்து வருஷத்து மனஸ்தாபம் பேசாமலே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நன்கொடை வேண்டாம் என்கிறேன். நன்கொடை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வழிப்போக்கர் கொடுக்கலாம், கட்சிக்காரர் கொடுக்கலாம். வரி வீட்டாள் கொடுப்பது. வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் பேச்சு உண்டு, படைப்புச் சோற்றில் பங்கு உண்டு, கொடுக்கத் தவறினால் ஏச்சும் உண்டு. அந்த ஏச்சு உட்பட எனக்கு வேண்டும். கல்வெட்டில் உபயதாரராகப் பெயர் வருவது எனக்குப் பெருமையாக இருக்காது; அது என்னை வெளியே நிறுத்தி மாலை போடுகிற காரியம்.

ஊர் உலகத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989-இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. நம் குடும்பத்திலேயே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுத்தான் எத்தனையோ நிலம் கைமாறியிருக்கிறது. கையெழுத்து வாங்கும்போது மட்டும் அவர்கள் இந்த வீட்டுப் பிள்ளைகள். 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கார்டில் வீட்டின் மூத்த பெண்தான் குடும்பத் தலைவர். 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டம் நம்பியூர்ப் பக்கத்துக் கோயில் விழா ஒன்றில், கணவனை இழந்த பெண் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று உள்ள மதிப்பு கல்யாணத்தாலோ கைம்மையாலோ கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்ற பொருளில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். இதையெல்லாம் வைத்து நான் கேஸ் போடப் போவதில்லை. பயப்பட வேண்டாம். சாஸ்தாவை வக்கீல் மூலம் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

உங்களுக்கே உபயோகமான ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தைகள் 1.8. நம் குடும்பத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். போன தலைமுறையில் ஐந்து ஆண் பிள்ளைகள் இருந்த வீட்டில் இன்றைக்கு ஒற்றைப் பெண் பிள்ளை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மகன் இல்லாத வீடுகளைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உங்களில் மூன்று பேர் வீடு அதில் வரும், யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கோடு இழுத்த வீடுகளின் பெண்கள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுப்பப் போகும் புதுக் கோபுரத்துக்கு அடுத்த கும்பாபிஷேகம் செய்ய யாரை எதிர்பார்க்கிறோம்?

மகள் ஒருநாள் கேட்டாள், "அம்மா, உனக்கு எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? வீட்டிலேயே விளக்கேத்திக் கும்பிடேன்." அவளுக்கு இப்போது நான் கல்லூரியில் இருந்த கட்டம். சாமியைப் பற்றி ஒரு அலட்சியம், மனிதர்களைப் பற்றி ஒரு அவசரம். நான் அவளோடு வாதாடவில்லை. வீட்டில் விளக்கேற்றுகிறேன், அது எனக்கும் சாமிக்கும் நடுவில் உள்ளது. கோயில் எனக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது. வயதாக ஆக முதலாவது எளிதாகிக்கொண்டே போகிறது. வேண்டுவதற்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாவதுதான் கைநழுவுகிறது. துணை போன பிறகு ஒரு பெண்ணுக்குச் சொந்தம் எப்படிச் சுருங்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. யாரும் விரட்ட மாட்டார்கள். பத்திரிகை தபாலில் வரும், நேரில் வைக்க வர மாட்டார்கள். பந்தியில் முதலில் உட்காரச் சொல்வார்கள், பரிமாறச் சொல்ல மாட்டார்கள். மரியாதையாகவே ஒவ்வொரு கதவாகச் சாத்துவார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. புருஷன் போன வீட்டில் வரி மனைவி பெயருக்கு மாற வேண்டும், அரை வரியாக இல்லாமல் முழு வரியாக. கல்யாணமாகிப் போன பெண் விரும்பினால் பிறந்த வீட்டுக் கோயிலிலும் அவள் பெயரில் வரி வாங்க வேண்டும். விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். என் மகள் இப்போதைக்கு விரும்பமாட்டாள் என்றே நினைக்கிறேன். அவள் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டு வையுங்கள், போதும்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் கூட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதில் இந்த மடலை யாராவது சத்தமாகப் படியுங்கள். இளைய கொழுந்தனுக்கு நல்ல குரல், அவரே படிக்கலாம். பட்டியலில் மற்றவர்களுக்குப் போட்டிருக்கும் அதே தொகையைப் பொருளாளர் தம்பிக்கு இன்று காலையில் அனுப்பிவிட்டேன். அதை நன்கொடைக் கணக்கில் ஏற்ற வேண்டாம். முடிவு தெரியும்வரை தனியாக வைத்திருங்கள். ரசீது போடுவதாக இருந்தால் அவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று சேர்த்து அதற்குக் கீழே என்னை எழுதும் வேலையும் வேண்டாம். என் பெயரிலேயே போடுங்கள். இனிஷியல் அப்பாவுடையதா, அவருடையதா என்று தம்பி கட்டாயம் கேட்பார். ரேஷன் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். நகல் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மருமகள்